தோழமைக்குத் தாழ்ப்பாள்

உடன்பிறப்பு! இனிய சொல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளல்லாதார், கொள்கையாலும் அன்பாலும் ஒன்றிவிட்ட காரணத்தால், ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கொள்வதைவிட உயர்ந்த பண்பு எது? அந்தச் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு, அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் இருநூறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் அமைப்பு ஒன்று உண்டு. 'ஃபிரட்டர்னிட்டி' என்பர் அதனை. இலத்தீன் மொழியில் 'ஃபிராட்டர்' என்றால் உடன்பிறந்தான். மாணவியர்க்கு உரியது 'சொராரிட்டி'. 'சொரார்' என்றால் உடன்பிறந்தாள். பெயர் இனிக்கிறது. ஆனால், அந்த வீட்டு வாயிலில் நின்று, "நானும் உங்கள் உடன்பிறப்பாக வரலாமா?" என்று கேட்கும் மாணவனுக்கு விடை கூறுவோர் யார்? எந்த அறையில், எந்த முறையில் அந்த விடை முடிவு செய்யப்படுகிறது? இதனை அறிந்துகொண்டால், இனிப்பு எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்பது விளங்கும். அந்த வரலாற்றைத்தான் நாம் இங்கு காண முற்படுகிறோம்.

முதலிலே ஒன்றைக் கூறிவிடுவோம். பதினெட்டு வயது இளைஞன், பெற்றோரை விட்டு, பிறந்த ஊரை விட்டு, ஆயிரமாயிரம் பேர் பயிலும் பல்கலைக் கழகத்துக்கு வந்து சேருகிறான். உண்ண இடம் வேண்டும். உறங்க இடம் வேண்டும். அதைவிட, பெயர் சொல்லி அழைக்க ஒரு நண்பன் வேண்டும். ஐம்பது பேர் கூடி வாழும் வீடு ஒன்று "வா, தம்பி!" என்று அழைக்குமானால் அவன் மகிழ்வது இயல்பே. அதனை நாம் குறை கூறோம். மேலும், அந்த உறவு கல்லூரியோடு முடிந்துவிடுவதுமில்லை. பட்டம் பெற்றுப் பல ஆண்டு கழித்தும், அதே கழகத்தைச் சேர்ந்த வணிகக் கோமான் வேலை கொடுப்பான். வழக்கறிஞன் வாய்ப்புக் கொடுப்பான். அரசியல் தலைவன் அறிமுகம் கொடுப்பான். விடுதிக் கதவுபோலத் தோன்றும் அந்தக் கதவு, உண்மையில் செல்வாக்கு எனும் மண்டபத்தின் வாயிற் கதவு. எவரை உள்ளே விடுவது எனும் கேள்வி இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்க மக்கள் தம் விடுதலையை உலகுக்கு அறிவித்தது 1776-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். அதே ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் சிலர் கூடி, 'ஃபை பீட்டா காப்பா' எனும் கழகத்தைத் தோற்றுவித்தனர். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் கழகங்களுள் மூத்தது அதுவே. மறைவான குறிமொழி, மறைவான கைகுலுக்கல், உறுதிமொழி, பதக்கம் — பின்னாளில் வந்த கழகங்கள் பின்பற்றிய சடங்குகள் பலவற்றுக்கு வித்திட்டது அது. நோக்கம் என்னவோ சொற்போரும் இலக்கிய ஆய்வுந்தான். ஆனால், கோலம் மறைபொருட் கோலம்! ஊரார்க்குப் புரியாத மொழியிலே பெயர், மூடிய கதவுக்குள்ளே சடங்கு, காதோடு காதாகச் சொல்லப்படும் மந்திரம் — இம்மூன்றும் சேர்ந்துவிட்டால், எந்த நாடாயினும் சரியே, ஒரு தனி மதிப்பு பிறந்துவிடுகிறது. இதனை நமக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை!

மறைவுச் சங்கங்களின்மீது அமெரிக்க மக்களுக்கு வெறுப்பு மூண்ட காலத்தில், 1831-இல், ஹார்வர்டுக் கிளை தன் மறைவைக் கைவிட்டது. நாளடைவில் ஃபை பீட்டா காப்பா, கல்வியில் சிறந்தோரைப் பாராட்டும் கழகமாக மாறிற்று. இன்றும் அவ்வாறே இருக்கிறது. ஆனால் அதன் கோலத்தைப் பிறர் எடுத்துக்கொண்டனர். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி எனும் ஊரில் யூனியன் கல்லூரி. அங்கே 1825-இல் 'கப்பா ஆல்ஃபா'. 1827-இல் 'சிக்மா ஃபை', 'டெல்டா ஃபை'. அந்நாளைய கல்லூரி எப்படிப்பட்டது? விடிந்தால் வழிபாடு, பிறகு மனப்பாடம், எப்போதும் ஆசிரியர் கண்காணிப்பு. இளைஞர்கள் தமக்கென ஒரு மூலை தேடினர். தேடியதில் தவறென்ன! அந்த மூலையைச் சுற்றிச் சுவர் எழுப்பியபோதுதான் தொல்லை தொடங்கிற்று.

உள்நாட்டுப் போருக்குப் பின்னர், பட்டம் பெற்று வெளியேறிய பழைய உறுப்பினர்கள் பணம் திரட்டினர்; தூண்களும் திண்ணைகளும் கொண்ட மாளிகைகள் எழுந்தன. மாளிகை என்றால் கடன் உண்டு, பழுதுபார்ப்பு உண்டு, சமையற்காரர் ஊதியம் உண்டு. ஆண்டுதோறும் ஒரு பகுதியினர் பட்டம் பெற்றுப் போய்விடுவர்; அந்த இடங்களை நிரப்பியாக வேண்டும். எனவே புதியவரைப் பிடிப்பதில் கழகத்துக்குக் கழகம் போட்டி! புகைவண்டி நிலையத்துக்கே போய், பெட்டியும் கையுமாக இறங்கும் புதிய மாணவனை மொய்த்துக்கொண்டு, "எங்கள் வீட்டுக்கு வா, எங்கள் வீட்டுக்கு வா" என்று இழுத்தனராம். இந்த ஆட்சேர்ப்புக்கு 'ரஷ்' என்று பெயர் நிலைத்தது. முட்டி மோதி ஓடுவது என்று பொருள். பெயரிலேயே படம் இருக்கிறது பாருங்கள்! போட்டி வெறியாகாமல் தடுக்கக் கழகங்கள் தமக்குள் கூட்டவைகளை அமைத்துக்கொண்டன; மாணவியர் கழகங்கள் 1902-இல், மாணவர் கழகங்கள் 1909-இல். இன்று 'ரஷ்' என்னும் சொல்லுக்குப் பதிலாக, 'ரெக்ரூட்மெண்ட்' என்று அடக்கமாகக் கூறுகின்றனர்.

மாணவர் கழகங்களின் முறை பெரிதும் நெகிழ்ச்சியானது. பருவத் தொடக்கத்தில் வீடுகள் திறந்துவைக்கப்படும். புதியவன் வருவான், கை குலுக்குவர், விருந்து வைப்பர், விளையாட்டைப் பற்றிப் பேசுவர். எந்த ஊர், எந்தப் பள்ளி, தந்தையார் என்ன செய்கிறார் என்று இடையிடையே கேட்பர். இரண்டாம் நாளும் வருவான். மூன்றாம் நாள் அழைப்பின்பேரில் மட்டுமே வரலாம். விருந்தினர் அனைவரும் சென்றபிறகு கதவு சாத்தப்படும். பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். பேச்சு நடக்கும்; வாக்கெடுப்பு நடக்கும். வென்றவனுக்கு 'பிட்' எனப்படும் அழைப்புச் சீட்டு. அதனை அவன் ஏற்றால் 'பிளெட்ஜ்' ஆகிறான். அதாவது உறுதி கூறியவன், இன்னும் உறுப்பினன் ஆகாதவன். சில வாரம் பயிற்சி. அதன் பின்னரே மறைச் சடங்கு.

அந்த மூடிய அறையிலே சிறிது நேரம் நிற்போம். பழைய முறைப்படி அங்கே ஒரு பெட்டி இருக்கும். வெள்ளை உருண்டைகளும் கறுப்பு உருண்டைகளும் இருக்கும். ஒவ்வொருவனும் தன் கையை உள்ளே விட்டு, ஓர் உருண்டையைப் போடுவான். வெள்ளை என்றால் இசைவு. கறுப்பு என்றால் மறுப்பு. நிறத்தைத் தேர்ந்தெடுத்த பொருத்தந்தான் என்னே! பல கழகங்களில் ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலும் போதும், கதவு அடைபட்டது. போட்டவன் யார்? தெரியாது. ஏன் போட்டான்? கேட்கலாகாது. வெளியே நிற்பவனுக்குக் காரணம் கூறுவரா? கூறார்.

இதற்கு அவர்கள் தரும் நியாயம் உண்டு. "ஒரே கூரையின்கீழ் வாழப்போகிறோம், ஒருவனுக்குப் பிடிக்காதவனை உள்ளே கொணர்ந்தால் வீட்டில் அமைதி இராது" என்பர். கேட்கும்போது சரியெனத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால்? நாற்பத்தொன்பது பேர் நெஞ்சு விரிந்தவர். ஐம்பதாமவன் மட்டும் நிறவெறியன் என்று கொள்வோம். அங்கே ஆட்சி செலுத்துவது யார்? ஐம்பதாமவன்! பெரும்பான்மை ஆட்சியுமன்று அது, சிறுபான்மைக்குக் காப்புமன்று, தனியொருவன் வெறுப்புக்கு அளிக்கப்பட்ட அரியணை. அந்த அரியணையில் எந்த ஆண்டும் எவனாவது ஒருவன் வந்து அமர்ந்துகொண்டான்.

நெடுங்காலம், அந்த உருண்டைக்குக்கூட வேலை இருக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலனவற்றில் பயின்றோர் வெள்ளையர், புரோட்டஸ்டண்டுக் கிறித்தவர், வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யூதர், கத்தோலிக்கர், கறுப்பினத்தார் வீட்டுப் பிள்ளைகளும் வரத் தொடங்கினர். எழுதாமலே நடந்துவந்ததை எழுதிவைத்தாக வேண்டும் என்னும் அச்சம் அப்போது பிறந்தது. 'வெள்ளையர்', 'கிறித்தவர்' எனும் சொற்கள் கழக விதிகளில் ஏறின. ஒகையோ மாநிலத்தில் 1848-இல் தோன்றிய ஃபை டெல்டா தீட்டா எனும் பெருங்கழகம், ஒரு படி மேலே சென்றது. முழு ஆரிய இரத்தம் உடைய வெள்ளை ஆடவர்க்கே தம்மிடம் இடமுண்டு என்று சட்டத்தில் எழுதிவைத்தது.

ஆம், ஆரிய இரத்தம்! நம் ஏட்டைப் படிப்போர்க்கு அந்தச் சொல் புதியதன்று. ஆனால் அது கடல் கடந்து, அமெரிக்கக் கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்துக்கு வந்து காவல் நின்றது என்பது புதிய செய்தியாக இருக்கக்கூடும். அந்தக் கல்லூரிகளில் வேதியியற் கூடங்கள் இருந்தன. உயிரியற் கூடங்கள் இருந்தன. நுண்பெருக்கிக் கண்ணாடிகள் இருந்தன. ஆரிய இரத்தம் எது, அல்லாத இரத்தம் எது என்று காட்டும் கருவி மட்டும் எந்தக் கூடத்திலும் இருந்ததில்லை. பகலெல்லாம் அறிவியல் பயின்ற இளைஞன், இரவிலே அந்த விதியின் பெயரால் வாக்களித்தான்!

பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். ஆரிய இரத்தப் பெருமை பேசிய இட்லரை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்க இளைஞர், 1944-இல் இயற்றப்பட்ட படைவீரர் உதவிச் சட்டத்தின் துணையால் கூட்டங்கூட்டமாகக் கல்லூரி புகுந்தனர். ஐரோப்பாவில் எதனை வீழ்த்தினோமோ அது நம் வீட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதே என்று அவருள் பலர் வெட்கினர். அந்த வெட்கம் மாசசூசெட்சு மாநிலத்து ஆம்கர்ஸ்ட் கல்லூரியில் செயலாக வெடித்தது. அங்கிருந்த ஃபை கப்பா சை கழகத்தின் கிளை, 1948-இல் கறுப்பின மாணவர் ஒருவருக்கு அழைப்புக் கொடுத்தது. அவரும் ஏற்றார். நாடு தழுவிய தலைமைக்குச் செய்தி எட்டியது. "கைவிடுக" என்றனர் பெரியோர். "கைவிடோம்" என்றனர் இளைஞர். விளைவு? அந்த ஆண்டு இறுதிக்குள் கிளையையே கழகத்திலிருந்து விலக்கிவிட்டனர். விலக்கப்பட்ட இளைஞர்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, 'ஃபை ஆல்ஃபா சை' எனத் தனிக் கழகமாக நின்று, அந்த மாணவரோடு வாழ்ந்தனர். நியாயத்துக்காக வீட்டை இழக்கவும் துணிந்த அந்தக் காளைகளை நாம் வாழ்த்தாதிருக்க முடியுமா?

இந்த நிகழ்ச்சியிலே உற்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. உள்ளே வாழப்போகும் இளைஞர்களுக்கு மறுப்பில்லை. மறுத்தோர், அந்த வீட்டிலே இரவு தங்கப்போகாத, பல நூறு கல் தொலைவில் வாழ்ந்த பெரியோர்! "ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம், ஆகவே எங்கள் விருப்பம்" எனும் நியாயம் இங்கே எங்கே போயிற்று? கூரை ஒருவர்க்கு, தாழ்ப்பாள் மற்றொருவர்க்கு!

பல்கலைக் கழகங்கள் மெல்ல விழித்துக்கொண்டன. நியூயார்க் மாநிலப் பல்கலைக் கழகம் 1953-இல், தன் கல்லூரிகளில் உள்ள மாணவர் கழகங்கள் நாடு தழுவிய தலைமையோடு தொடர்பு கொள்ளலாகாது, நிறத்தையும் மதத்தையும் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என்று ஆணையிட்டது. கழகங்கள் வழக்குமன்றம் ஏறின, 1954-இல் தோற்றன. கொலராடோப் பல்கலைக் கழகத்தின் ஆட்சிக்குழு 1956-இல், ஒதுக்கும் விதிகளை 1962-க்குள் நீக்கிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. ஆறு ஆண்டுக் கெடு! அநீதிக்கு வீடு காலி செய்ய எவ்வளவு அவகாசம் பாருங்கள்.

கெடு நெருங்க நெருங்க, விதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறைந்த இடத்திலே முளைத்தது என்ன? சிக்மா கை கழகத்தைக் காண்போம். வெள்ளையர்க்கே இடம் எனும் விதியை அது 1961-இல் நீக்கிற்று. ஆனால், எந்தக் கிளையிலும் எந்த உறுப்பினராலும் உடன்பிறப்பாக ஏற்க முடியாதவர் எனக் கருதப்படத்தக்க எவரையும் முன்மொழியலாகாது எனும் கருத்தமைந்த விதி இருந்தது. 'வெள்ளை' எனும் சொல் இல்லை. 'ஆரிய' எனும் சொல் இல்லை. ஐம்பது பேர் அறைக்குள் விழுந்த அதே ஒற்றைக் கறுப்பு உருண்டை, இப்போது நாடு முழுவதற்கும் உரியதாயிற்று! கலிபோர்னியாவில் படிக்கும் மாணவனை மிசிசிப்பியில் இருப்பவனுக்குப் பிடிக்குமா என்று எண்ணிப் பார்த்து அழைக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக் கழகத்துக் கிளை 1965-இல் கறுப்பின மாணவர் ஒருவரை அழைக்க முனைந்தபோது, தலைமை அந்தக் கிளையை இடைநீக்கம் செய்தது. காரணம் நிறமன்று, வேறு விதிமீறல்கள் என்றது தலைமை. கொலராடோ ஆட்சிக்குழு இதனை நம்பவில்லை. தன்னிடமிருந்த சிக்மா கை கிளைமீது நடவடிக்கை எடுத்தது. கழகம் வழக்குத் தொடுத்தது. 1966-இல் தீர்ப்பு ஆட்சிக்குழுவின் பக்கமே நின்றது.

"கூடி வாழ்வதற்கு எவரைத் தேர்ந்தெடுப்பது என்பது எங்கள் உரிமை அல்லவா?" என்று வாதிட்டனர் கழகத்தார். உரிமைதான், மறுப்பாரில்லை. ஒருவன் தன் வீட்டு விருந்துக்கு எவரை அழைப்பது என்று எந்த அரசும் கட்டளையிட முடியாது. ஆனால் இந்த விருந்து நடப்பது எங்கே? மக்கள் வரிப்பணத்தில் எழுந்த பல்கலைக் கழகத்தின் ஒப்புதலோடு, அதன் பெயரைத் தாங்கி, பல இடங்களில் அதன் மண்ணிலேயே நடக்கிறது. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1965-இல் நடுவண் அரசின் கல்வி ஆணையர் இதனைச் சுட்டிக்காட்டினார். கழகங்கள் நிறவேற்றுமை காட்டுவதை விட்டுவைக்கும் பல்கலைக் கழகம் அரசின் நிதியை இழக்க நேரிடும் என்றார். உரிமை பேசியோர் உதவித் தொகையை எண்ணிப் பார்த்தனர். எழுதிவைத்த வேற்றுமை பெரும்பாலும் அத்தோடு ஒழிந்தது.

ஒதுக்கப்பட்டோர் இவ்வளவு காலமும் வாளாவிருந்தனரா? இல்லை. யூத மாணவர்க்கென 1898-இல் நியூயார்க் நகரில் ஸீட்டா பீட்டா டௌ தோன்றியது. கார்னெல் பல்கலைக் கழகத்தில் பயின்ற கறுப்பின மாணவர் எழுவர், 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' கழகத்தை நிறுவினர். பனி கொட்டும் இத்தாக்கா நகரிலே, படிக்கவும் பேசவும் ஒருவர்க்கொருவர் துணையாகவும் கூடிய சிறு கூட்டம் அது. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கும், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது எனும் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வாதாடிப் பெற்ற தர்கூட் மார்ஷலும் அந்தக் கழகத்தின் உறுப்பினராயினர். வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்டுப் பல்கலைக் கழகத்தில் கறுப்பின மாணவியர் 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும், 1913-இல் டெல்டா சிக்மா தீட்டாவையும் அமைத்தனர். பின்னது பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே, அதன் மாணவியர் பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்து சென்றனர். ஒதுக்கியவர்கள் விருந்து நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒதுக்கப்பட்டவர்கள் உரிமைக்கு நடந்தனர்! இவர்களும் தேர்ந்தெடுத்தே சேர்ப்பவர்கள்தாம். இவர்களின் பயிற்சிக் காலத்திலும் கொடுமைகள் நுழைந்தன. அதனாலேயே 1990-இல் இக்கழகங்கள் பழைய பிளெட்ஜ் முறையைக் கைவிட்டுப் புதிய சேர்ப்பு முறைக்கு மாறின.

இனி, மாணவியர் கழகங்களின் முறையைப் பார்ப்போம். ஆடவர் முறை நெகிழ்ச்சியானது என்றோம். இது கடிகாரம் போன்றது. தென் மாநிலங்களில், வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னரே ஆகஸ்ட்டுத் திங்களில் நடக்கிறது. அலபாமாப் பல்கலைக் கழகத்தில் மட்டும் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட மாணவியர் பதிவு செய்துகொள்கின்றனர். முதற்கட்டத்தில் ஒவ்வொருத்தியும் எல்லா வீடுகளையும் காண்பாள். கதவு திறக்கும், உள்ளிருப்போர் பாட்டும் கைதட்டலுமாக வரவேற்பர். சில நிமிடம் ஒருத்தி பேசுவாள். பிறகு வேறொருத்தி வந்து பேசுவாள். ஆடவர், மது, மதம், அரசியல், பணம் இவ்வைந்தைப் பற்றியும் பேசலாகாது என்பது அங்கு வழங்கிவரும் வாய்மொழி விதி. இவற்றை நீக்கிவிட்டால் அறிமுகமில்லாத இருவர் பேசுவதற்கு என்ன மிச்சம்? ஆடைதான்! அதனால்தான் அந்த வாரத்தின் ஆடைகளைத் திரட்டுவதற்கே தாய்மார்கள் பல திங்கள் பாடுபடுகின்றனர்.

அன்றிரவு வீடுகள் தம் பட்டியலைத் தீட்டும். மாணவியரும் தம் விருப்ப வரிசையைக் கொடுப்பர். மறுநாள், தன்னை மீண்டும் அழைத்த வீடுகளுக்கு மட்டும் செல்லலாம். கட்டத்துக்குக் கட்டம் வீடுகள் குறையும். இறுதிக் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டே வீடுகள். அன்று மாலை அவள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தான் எழுதிக்கொடுத்த வீடு கிடைத்து, அதனை அவள் மறுத்தால், அந்தக் கல்லூரியில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வேறு வீட்டில் சேர இயலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர் என்று அளவு உண்டு. வீடுகளின் வரிசையையும் மாணவியரின் வரிசையையும் பொருத்திப் பார்த்து முடிவு காண்கின்றனர். இந்தப் பொருத்தக் கணக்கு அவ்வளவு நுட்பமானது. பின்னாளில் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத், மற்றோர் அறிஞரோடு சேர்ந்து 1991-இல் இதனைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்.

கணக்கு நேர்மையானது என்றே கொள்வோம். கணக்கிலே ஏற்றப்படும் பட்டியல்? அதைத் தீட்டும் அறைக்குள்ளே எந்தக் கணிதமும் நுழைவதில்லை. அங்கே, தாயோ பாட்டியோ இதே கழகத்தில் இருந்தவளா என்று பார்ப்பர், அவளுக்கு முந்துரிமை. பாட்டி காலத்திலே கறுப்பினப் பெண்ணுக்கு அந்தப் பல்கலைக் கழகத்தின் வாயிலே அடைபட்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இந்த முந்துரிமையின் பொருள் விளங்கும். அடுத்து, பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பர். அத்தகையவர் எவரையும் அறியாத குடும்பத்துப் பெண் கடிதத்துக்கு எங்கே போவாள்?

1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பின மாணவர் இருவர் நுழைவதைத் தடுக்கப் பல்கலைக் கழக வாயிலில் தாமே போய் நின்றார். நடுவண் அரசின் படை வந்தபின் விலகினார். வாயில் திறந்தது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில், அதே பல்கலைக் கழகத்தின் மாணவர் ஏடான 'கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி வெளியிட்டது. சிறந்த மதிப்பெண் பெற்ற, செல்வாக்குள்ள குடும்பத்தோடு உறவுடைய கறுப்பின மாணவி ஒருத்தியை, வெள்ளையர் மரபில் வந்த மாணவியர் கழகங்களுள் ஒன்றும் ஏற்கவில்லை. உள்ளிருந்த இளம் உறுப்பினர் சிலரே முன்வந்து உண்மையைக் கூறினர்: "நாங்கள் அவளை விரும்பினோம், பழைய உறுப்பினர்கள் தடுத்தனர்." கடிதம் முதலான விதிகள் காரணமாகக் காட்டப்பட்டன. அறுபத்தைந்து ஆண்டுக்கு முன் ஆம்கர்ஸ்டில் நடந்த அதே கதை! கிளை பச்சை, வேர் பழுது. இம்முறை மாணவர்களும் ஆசிரியர்களும் அணிவகுத்து நிருவாகக் கட்டிடத்துக்கு நடந்தனர். பல்கலைக் கழகத் தலைவர் சேர்ப்பு முறையை மீண்டும் திறக்குமாறு ஆணையிட்டார். அந்தப் பருவத்திலேயே கறுப்பின மாணவியர் சிலர்க்கு அழைப்புச் சீட்டு வந்தது. ஓர் ஆளுநரை வாயிலிலிருந்து அகற்றப் படை போதுமானதாக இருந்தது. இந்தத் தாழ்ப்பாளை அகற்ற, உள்ளிருந்தோரே வாய் திறக்க வேண்டியதாயிற்று. 2020-க்குப் பின்னர் மாணவியர் கழகங்கள் பல, தாய்வழி மகள்வழி முந்துரிமையைத் தாமே கைவிட்டுள்ளன.

அழைப்புப் பெற்றுவிட்டவன் கதை இன்பக் கதையா? எப்போதும் அவ்வாறன்று. 1873-இல் கார்னெல் பல்கலைக் கழகத்தில் கப்பா ஆல்ஃபாவில் சேர முனைந்த மாணவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி இரவிலே அழைத்துச் சென்றனர். மலையிடுக்கில் விழுந்து மாண்டான். உடன்பிறப்பாவதற்குச் சடங்கு, சடங்கிலே சாவு! இத்தகைய கொடுமைக்கு 'ஹேஸிங்' என்று பெயர். இக்கொடுமையின் சாவுகளைத் தொகுத்துவரும் ஆராய்ச்சியாளர் ஹேங்க் நூவரின் கணக்குப்படி, 1959 முதல் 2021 வரை ஓராண்டும் இச்சாவு இல்லாமற் கழிந்ததில்லை. வெளியே நிற்பவனை இழிவுபடுத்தும் அதே மனம், உள்ளே வருபவனையும் இழிவுபடுத்தியே ஏற்றுக்கொள்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தில் 2017-இல் நேர்ந்த ஒரு மாணவன் சாவு நாட்டையே உலுக்கிற்று. கல்லூரிகள் இக்கொடுமைகளைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் எனும் நடுவண் சட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்தாயிற்று. முதற் சாவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஆண்டுகள் நூற்றைம்பத்தொன்று.

சில கல்லூரிகள், கதவைச் சீர்திருத்திக்கொண்டே இருப்பதைவிட வீட்டையே எடுத்துக்கொள்வது மேல் என்று துணிந்தன. ஆம்கர்ஸ்டு 1984-இல் அவ்வாறு செய்தது. மேய்ன் மாநிலத்து போடன் கல்லூரி 1997-இல் முடிவெடுத்தது. அனைவர்க்கும் முன்னோடி மாசசூசெட்சிலுள்ள வில்லியம்ஸ் கல்லூரி. அங்கே மாணவர் வாழ்வு முழுவதும் இக்கழகங்களின் கையிலேயே இருந்தது. எந்த வீட்டிலும் இடம் பெறாதவன் உண்ணும் மேசையிலும் தனியன். 1962-இல் ஆய்வுக் குழு ஒன்றின் அறிக்கையை ஏற்ற அறங்காவலர்கள், மாணவர்க்கு இருப்பிடமும் உணவும் அளிக்கும் பொறுப்பு இனிக் கல்லூரியுடையதே என்று முடிவு செய்தனர். பழைய மாணவர் பலர் சினந்தனர். நன்கொடை தரமாட்டோம் என்றனர். கல்லூரி அசையவில்லை. வீடுகள் ஒவ்வொன்றாகக் கல்லூரியின் கைக்கு வந்தன.

அவ்வீடுகளுள் ஒன்று, டெல்டா சை கழகத்தார் 1880-களில் எழுப்பிய செயின்ட் ஆந்தனி மண்டபம். கல்லால் அமைந்த அழகிய மாளிகை. 1960-இல் வில்லியம்ஸ் கல்லூரி, வளர்ந்துவரும் நாடுகளின் அரசு அலுவலர்களுக்குப் பொருளாதாரம் பயிற்றுவிக்கும் நடுவம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அந்த நடுவம் அந்த மாளிகையிலே குடிபுகுந்தது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தோர், ஒரு காலத்தில் வாக்கெடுப்பு நடந்த அந்த வீட்டில் ஒரே மேசையில் உணவு கொண்டனர்.